தண்ணீர் அடங்கும் வரை

மதிப்பிற்குரிய ஆய்வாளர் முத்துராணி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். விசாரணைக்கு அழைத்த அன்று உங்கள் நிலையத்தில் எனக்கு இஞ்சி தட்டிப் போட்ட டீ வாங்கித் தந்தீர்கள். நன்றாக இருந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் என்னிடம் முதலில் கேட்டது, "யார் யாரு எங்கன இருந்தாங்கன்னு வரிசையாச் சொல்லுங்க சார்" என்று. நான் முன்னுக்குப் பின்னாக உளறிவிட்டேன். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவன் நான். ஒரு சோதனையை எழுதும்போது முதலில் எந்தப் பொருள் எங்கே இருந்தது என்று எழுத வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறவன். அதனால் அதையே முதலில் சரிசெய்கிறேன்.

கல்லூரி அரங்கத்தின் நடுவில், தரையில், தாழ்வான ஒரு மர முக்காலி. அதன்மேல் அகலமான பித்தளைத் தாம்பாளம், அதில் தண்ணீர். தாம்பாளத்துக்குப் பின்னால், சுவருக்கு முதுகு காட்டிச் சம்மணமிட்டு ஸ்ரீசரண், அதாவது இறந்துபோனவர். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி மஹாலக்ஷ்மி, வயலினோடு. இடப்பக்கம் ஷமீம், முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கிற செல்லோவோடு. ஸ்ரீசரணுக்கு நேர் எதிரே, வட்டத்தை மூடுகிற இடத்தில் நாற்காலியில் நான், வயோலாவோடு. பேராசிரியை ஜயலக்ஷ்மி சுவரோரம் மைக் முன்னால் நின்றார். கதவுப் பக்கத்து மூலையில், மின்சாரமும் ஒலியும் பார்த்துக்கொள்கிற இர்ஷாத். மூன்று பக்கமும் நாற்காலிகள். அறுபது பேர் போல இருந்தார்கள். முன்வரிசையில் ஷமீமின் தாயார் ஹமீது பீவி. இந்த அமைப்பில் சபையில் பெரும்பாலானவர்கள் பார்த்தது என் முதுகை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் முதுகு காட்டித்தான் ஆக வேண்டும்.

எங்கள் குழுவுக்கு நீர்த்தடம் என்று பெயர். நீங்கள் அதைக் கச்சேரி என்று எழுதிக்கொண்டீர்கள். கச்சேரி இல்லை. சபா மேடை வேண்டாத, ஓர் அறைக்குள் அடங்குகிற இசை அது. வாத்தியங்களின் ஒலி தாம்பாளத்துக்கு அடியில் இருக்கிற ஒரு கருவிக்குப் போகும். அது தாம்பாளத்தை அதிர வைக்கும். தண்ணீரில் கோலம் எழும்பும். மேலேயிருந்து ஒரு கேமரா அதைப் பிடிக்க, ஸ்ரீசரணின் கம்ப்யூட்டர் வண்ணம் கொடுத்துச் சுவர் முழுக்க விரிக்கும். வயலினுக்கு நுணுக்கமான நட்சத்திரங்கள். செல்லோவுக்குப் பெரிய பெரிய வளையங்கள். உருப்படிகளுக்கு நடுவில் ஜயலக்ஷ்மி அம்மா எழுந்து நினைவு, எல்லை, பெயர் என்று ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு பேசுவார். வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது. நட்சத்திரத்துக்கும் வளையத்துக்கும் நடுவில் சுவரில் ஒரு சாம்பல் புகைச்சல் தெரியும். அதுதான் நான் என்று நினைத்திருந்தேன். வீட்டில் பதிவைப் போட்டு மனைவியிடம் விரலால் தொட்டுக் காட்டி, "இதோ, இது நான்" என்று சொல்லியிருக்கிறேன். அவளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழக்கில் அது முக்கியம். கடைசி உருப்படியில் வயலினும் செல்லோவும் நின்றுவிடும். வயோலா மட்டும் ஒரே சுரத்தை இழுத்துத் தேய்த்துக்கொண்டே போகும். அப்போது ஸ்ரீசரண் இரண்டு உள்ளங்கைகளையும் தண்ணீருக்குள் வைத்து அதை அடக்குவார். தண்ணீர் அடங்கிச் சுவர் முழுக்க இருட்டாகும் வரை யாரும் கைதட்டக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. சுவர் இருட்டானதும் கைதட்டலாம். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் ஜயலக்ஷ்மி அம்மா இதைச் சொல்லிச் சபையிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பிப்பார். வழக்கத்தை ஏற்படுத்தியது நான். நல்ல எண்ணத்தில்தான் ஏற்படுத்தினேன். நம் ஊரில் மங்களம் எடுத்தாலே செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இனி ஆடிச் சாரலில் நடந்த விஷயம். ஒத்திகைக்கு அன்று நான் சீக்கிரம் வந்துவிட்டேன். இர்ஷாத் எல்லா வயரையும் போட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். தனியாக உட்கார்ந்து கீழ்த் தந்தியில் நீளமாக ஒரு சட்ஜம் இழுத்தேன். தண்ணீர் அசையவில்லை. பலமாக இழுத்தேன். அசையவில்லை. ஒரு கொசு வந்து தண்ணீரில் உட்கார்ந்தது. அதற்குச் சுவரில் ஒரு வளையம் வந்தது. எனக்கு வரவில்லை.

இர்ஷாத் வந்ததும் கேட்டேன். அவன் என்னிடம் படித்த பையன். பொய் சொல்ல வராது.

"ஏண்டா, என் மைக் செத்துப்போச்சா?"

"சார், கோவப்படாதீங்க. சாகல. சபைக்குப் போவுது. தண்ணிக்குத்தான் போவாது. அந்த வயரை ஸ்ரீ சாரு கழத்திரச் சொல்லிட்டாரு."

"எப்ப?"

"மொதல்ல இருந்தே சார்." காலால் தரையைத் தேய்த்தான். "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

மொதல்ல இருந்தே என்றால் இரண்டு வருடம்.

ஸ்ரீசரணிடம் அன்று மாலையே கேட்டேன். அவர் தாம்பாளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆழ்வார்திருநகரிக்காரர், ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர், என்னைவிட இருபது வயது சின்னவர். மரியாதை தெரிந்த பிள்ளை. அதில் குறை சொல்ல மாட்டேன்.

"மாமா, கோச்சுக்காதீங்கோ. உங்க சத்தம் வந்தா படம் கலங்கிடறது. சேறு மாதிரி ஆயிடறது. காதுக்கு நீங்க வேணும், கண்ணுக்கு வேண்டாம். அவ்ளோதான்."

"மத்தவாளுக்குத் தெரியுமா?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும். சொன்னா வருத்தப்படுவேள்னுதான்..." என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. எழுந்து வந்து என் தோளில் கையை வைத்தார். ஈரக் கை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஐந்து விரலும் சட்டையில் அப்படியே இருந்தன.

நான் கோபக்காரன் இல்லை. பள்ளியில் இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளையை அடித்தது கிடையாது. தலைமை ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த வாரம் ஒத்திகை இடைவேளையில் திரைக்குப் பின்னால் ஷமீமும் இர்ஷாத்தும் பேசிக்கொண்டதைக் கேட்டபோதுகூட எனக்குக் கோபம் வரவில்லை.

"ஏலே, சாரு ஒரு நாளைக்கு லீவு போட்டா என்னலே ஆவும்?" இது ஷமீம்.

"ஒண்ணும் ஆவாது. தண்ணிக்குத் தெரியவா போவுது?"

"அப்பம் அந்த இடத்துல நம்ம கூட்டாளி எவனையாச்சும் வேட்டி கட்டி இருத்திருவோம்லே. முதுகுதான தெரியுது."

"பையப் பேசுலே, காதுல விழுந்திரும்."

வயசுப் பிள்ளைகள், விளையாட்டுக்குப் பேசுகிறார்கள். நான் இருமிவிட்டு உள்ளே போனேன். ஷமீம் எழுந்து எனக்கு நாற்காலி போட்டான்.

பிரச்சினை எளிமையானது. என் ஒலி தண்ணீருக்குப் போய்ச் சேர வேண்டும். வயரை மறுபடியும் மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கேட்டால் மாட்டியிருப்பார், எனக்காக ஒரு நாள் சேற்றைப் பொறுத்துக்கொண்டிருப்பார். கேட்டு வாங்குவது வேறு. என் கோலம் எல்லோர் கோலத்தையும்விடத் தெளிவாக இருக்க வேண்டும். அவர் சொன்ன குறை அதுதானே. அதற்குத் தண்ணீரை அதிர வைக்க ஒரு நல்ல ஊடகம் வேண்டும். தாம்பாளத்தை அடியிலிருந்து அதிர வைப்பதைவிட, தண்ணீருக்குள்ளேயே இருக்கிற ஒன்று அதிர்ந்தால் கோலம் கூர்மையாக விழும். கடைசி உருப்படியில் தண்ணீருக்குள் இருப்பது அவருடைய கைகள்.

மனைவி மகளின் பிரசவத்துக்கு பெங்களூர் போயிருந்தாள். வீடு வசதியாக இருந்தது. சந்தையில் உயிரோடு விற்கிற விரால் மீன் வாங்கினேன். மீன்காரம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "என்ன சாமி, குழம்புக்கா, வளக்கதுக்கா?" என்றாள். பக்கத்துக் கடைக்காரியும் சிரித்தாள். வளர்க்க என்றேன். முதல் விரால் ஒரே துடிப்பில் போய்விட்டது; அதில் கோலம் இல்லை, வெறும் கலக்கம். மின்சாரத்தைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது, விட்டு விட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இரண்டாவதில் தெரிந்தது. மூன்றாவது வெகு நேரம் தாங்கியது. செதில் உரிந்து, கண் வெளுத்து, வாலின் நுனி கருகிய பிறகும் அது போட்ட கோலம் கலையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் வைத்த சாதம் அடிப்பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு எங்கள் தெரு நாய். மனிதக் கனத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிற ஒன்று தேவைப்பட்டது. பிஸ்கட் கொடுத்தால் கையை நக்குகிற நாய். முன்னங்கால்களைத் தண்ணீரில் வைக்கக் கற்றுக்கொடுப்பதற்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட் ஆனது. அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. வாயைக் கட்டியிருந்ததால் சத்தம் வெளியே கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் முருங்கைக்கு அடியில் புதைத்திருக்கிறேன். நீங்கள் தோண்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தை எந்த வழியில் கொண்டுவந்தேன் என்பதைத் தனித்தாளில் படமாக வரைந்து இணைத்திருக்கிறேன். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். என் சுரக்குறிப்பு ஒரு டேப்லட்டில் இருக்கும். பக்கம் புரட்டுவதற்குக் காலடியில் ஒரு சின்னப் பெடல். வில் பிடித்த கையை எடுக்காமல் இடது காலால் அழுத்தினால் பக்கம் மாறும். பார்வைக்கு அதே மாதிரி இன்னொரு பெடல் செய்துகொண்டேன். அதை அழுத்தினால் பக்கம் மாறாது.

இர்ஷாத்தின் டிரிப் பெட்டி ஒன்றுதான் இடைஞ்சல். மின்சாரம் எங்கேயாவது கசிந்தால் கண் சிமிட்டுவதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிற பெட்டி அது. தண்ணீரும் கரண்டும் ஒன்றாக இருக்கிற இடம் என்று சொல்லி அவனாக வாங்கி வைத்தது. நிகழ்ச்சி அன்று காலைகூட, வயரைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் போடுவது பற்றி ஸ்ரீசரணுக்கும் அவனுக்கும் சத்தமாகப் பேச்சு நடந்தது. "நீங்க படத்தைப் பாருங்க சார், நான் உசிரைப் பாக்கணும்லா" என்றான். அந்தப் பெட்டியை அவனைத் தவிர யாரும் தொடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் தொழுகைக்குப் போன நேரத்தில் உள்ளே மாற்றிக் கட்டினேன். வெளியே பச்சை விளக்கு எப்போதும்போல் எரியும். அந்த மாற்றம் அவன் தலையில் விழும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் வயரை இரண்டு வருடம் கழற்றி வைத்தவன் அவன் என்பதையும் நான் அப்போது நினைக்கவில்லை.

அன்றைய கருத்து, பெயர். ஆறு கடலில் சேரும்போது தண்ணீரை இழப்பதில்லை, பெயரைத்தான் இழக்கிறது என்று ஜயலக்ஷ்மி அம்மா பேசுவதாக இருந்தது. எனக்குப் பிடித்த வாக்கியம். அப்படியானால் தாம்பாளத்தில் தாமிரபரணித் தண்ணீரோடு கடல் தண்ணீரையும் கலக்கலாமே என்று நான்தான் யோசனை சொன்னேன். "எப்படி சார் இப்படியெல்லாம் தோணுது" என்று அவர் மகிழ்ந்துபோனார். உவரிக் கடற்கரைக்குப் பேருந்தில் போய் ஒரு கேன் பிடித்து வந்தேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் போகும் என்பது பத்தாம் வகுப்புப் பாடம். அந்த அறையில் அத்தனை படித்தவர்கள் இருந்தும் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை. மஹாலக்ஷ்மி இரண்டு தண்ணீரையும் இரண்டு செம்பில் எடுத்து, ஒன்றாக ஊற்றினாள். சபை பார்த்துக்கொண்டே இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

ஜயலக்ஷ்மி அம்மா சபையிடம் சொன்னார்: "தண்ணீர் அடங்குகிற வரைக்கும் நாமும் அடங்கியிருப்போம். என்ன தோன்றினாலும் சரி, உட்கார்ந்தே இருங்கள்." அறுபது பேரும் தலையாட்டினார்கள்.

கடைசி உருப்படி வந்தது. வயலின் நின்றது. செல்லோ நின்றது. மஹாலக்ஷ்மி வயலினை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். முடிவில் கண்ணை மூடுவது அவள் பழக்கம். நான் என் ஒற்றைச் சுரத்தை இழுக்க ஆரம்பித்தேன். ஸ்ரீசரண் உள்ளங்கைகளைத் தண்ணீருக்குள் வைத்தார். இடது காலை இறக்கினேன்.

விரல்கள் மடங்கித் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. மின்சாரம் அப்படித்தான் பிடிக்க வைக்கும். விட நினைத்தாலும் விட முடியாது. தோள்கள் காதுவரை ஏறின. தாடை இறுகியதில் நாக்கின் நுனி பற்களுக்கு நடுவே அகப்பட்டது. கழுத்து நரம்புகள் என் தந்திகளைப் போல விறைத்து நின்றன. தண்ணீரில் எழும்பிய கோலத்தை நான் எழுத்தில் சொல்ல முடியாது. பதிவு உங்களிடம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது.

ரூபக தாளம் எடுத்துக்கொண்டேன். அழுத்தும்போது கோலம் கூர்மையாகும். காலை எடுக்கும்போது நெகிழும். காலை எடுக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு விக்கல் மாதிரி அவருக்கு மூச்சு உள்ளே போகும். கண் என்னைத் தேடும். எதிரே இருந்தது நான்தானே. சபை என் முதுகைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நாக்கு அறுபட்டு உதட்டோரம் இறங்கிய ரத்தம் தண்ணீரில் சொட்டியது. கேமரா அதையும் எடுத்தது. அவருடைய கம்ப்யூட்டர் அந்தச் சிவப்பைத் தங்க நிறமாக்கிச் சுவரில் பூவாக விரித்தது. அது அவரே அதற்குச் சொல்லிவைத்த வண்ணம்.

அப்போதுதான் ஹமீது பீவி எழுந்தார்.

"ஏலே ஷமீமு, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு வருதுலே. யாராச்சும் பிடிங்களேன்."

பின்வரிசையிலிருந்து யாரோ "உஷ்" என்றார்கள். ஷமீம் திரும்பி, வெட்கத்தோடு, உதட்டில் விரலை வைத்தான். "உம்மா, சும்மா இரிங்க. தண்ணி இன்னும் அடங்கல."

அவர் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலையில் இர்ஷாத்தும் பாதி எழுந்திருந்தான். ஸ்ரீசரணைப் பார்த்தான், பிறகு குனிந்து பெட்டியைப் பார்த்தான். பச்சை எரிந்தது. கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது. அவன் மறுபடியும் உட்கார்ந்தான். நல்ல மாணவன்.

அம்மா, இந்த இடத்தை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். அறுபது பேரில் ஒருவர் எழுந்து வந்திருந்தால், மஹாலக்ஷ்மி ஒரு தடவை கண்ணைத் திறந்திருந்தால், நான் காலை எடுத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அடங்கியிருந்தது அவர்கள்.

ஸ்ரீசரண் தாளத்துக்கு வருவது மெல்லமெல்லக் குறைந்தது. அழுத்தினால் உடம்பு குலுங்கியது. விட்டால் மூச்சு வரவில்லை. இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று, அப்படியே வாசித்தேன். கை தீய்கிற வாடை முதலில் யாருக்கும் விளங்கவில்லை. ஊதுவத்தி என்று நினைத்ததாக ஒருவர் உங்களிடம் சொன்னாராம். இர்ஷாத்துக்கு அந்த வாடை தெரியும். "அல்லாவே" என்று பாய்ந்து மெயினை இழுத்தான். அதற்கு முன்பே நான் காலை எடுத்துவிட்டேன். மஹாலக்ஷ்மி கண்ணைத் திறந்து அவர் பக்கம் சாய்ந்திருந்தாள். தொட்டிருந்தால் அவளுக்கும் ஆபத்து. அந்தக் கவனம் எனக்கு இருந்தது.

மெயினை இழுத்ததும் சுவர் இருட்டாகிவிட்டது.

இருட்டானதும் அவர்கள் கைதட்டினார்கள். சம்மதித்தபடியே செய்தார்கள். இருட்டுக்குள் அறுபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். "கைதட்டாதீங்க, ஏ, தட்டாதீங்கய்யா, ஆளு போயிட்டாரு" என்று இர்ஷாத் கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மஹாலக்ஷ்மியின் அலறலைப் பரவசம் என்று நினைத்துச் சிலர் இன்னும் பலமாகத் தட்டினார்கள். எனக்குப் பின்னால் மூன்று பக்கத்திலிருந்தும் வந்த அந்தக் கைதட்டல் என் முதுகில் விழுந்தது. அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது, ஸ்ரீசரண் தாம்பாளத்தின்மேல் கவிழ்ந்திருந்தார். விரல்களை விளிம்பிலிருந்து பிரிக்க ஷமீம் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. தோல் பித்தளையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் டார்ச் பிடித்தேன். பிறகு என் பொருட்களை எடுத்து வைத்தேன். பெடல் இப்போதும் வயோலாப் பெட்டிக்குள், வெல்வெட்டுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் வரும்போது எடுத்துத் தருகிறேன்.

இனி இர்ஷாத் விஷயம். பெட்டியைத் தெரிந்தே மாற்றிக் கட்டியிருக்கிறான், காலையில் சண்டையும் போட்டிருக்கிறான் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். அது உங்கள் கடமை. நான் குறை சொல்லவில்லை. கார்த்திகையில் அவன் மனைவி முஃபீதா கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், அவுக டிரிப்பர் இல்லாத வீட்டுல மிக்சி கூட ஓட்ட விடமாட்டாக. உங்களுக்குத் தெரியாதா? பிள்ளை பேரு வைக்கவும் அவுக வெளிய இல்ல. நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா ஜாமீன் கெடைக்கும்னு வக்கீல் சொல்லுதாரு. உங்க பேருக்கு மதிப்பு இருக்குன்னாரு."

உட்காரச் சொல்லி, அவள் கண் முன்னாலேயே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். நேர்மையானவன், உழைப்பாளி, பெரியவர்களிடம் பணிவு உள்ளவன் என்று எழுதினேன். சான்றிதழ் என்றால் உண்மை முழுவதும் இருக்க வேண்டும். அதனால் கடைசியில், "சற்று மறதி உண்டு" என்றும் சேர்த்தேன். பள்ளியில் ஒரு தடவை செய்முறைப் பதிவேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவன். அரசு வக்கீல் அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டி, மறதிக்காரன் வாய்தாவுக்கு வர மாட்டான் என்று சொல்லித்தான் ஜாமீனை மறுக்க வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு மிகுந்த வருத்தம்.

அந்த வருத்தத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். ஜாமீன் மறுத்த செய்தி தெரிந்த அன்றே எழுத உட்கார்ந்தேன். உங்கள் பெயரும் வணக்கமும் எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. மார்கழி முழுக்க அந்தத் தாள் மேசையில் கிடந்தது. நேற்று மஹாலக்ஷ்மியிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. இன்று காலை உட்கார்ந்தவன் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன்.

சென்னையில் ஒரு கலைக்கூடத்தில் காட்சி வைக்கிறாள். அந்தக் கடைசிக் கோலத்தைச் சுவர் உயரத்துக்கு அச்சடித்திருக்கிறார்கள். 'கடைசி நீர்' என்று தலைப்பு. கீழே, ஆக்கம்: ஸ்ரீசரண். வயலின், செல்லோ, உரை என்று மற்றவர்கள் பெயர்கள். எல்லாவற்றுக்கும் அடியில், நன்றி: கோபாலசுப்பிரமணியன் என்று என் பெயர். திறப்பு விழாவில் நான் வந்து அந்த ஒற்றைச் சுரத்தை வாசிக்க வேண்டுமாம். தொலைபேசியில் அழுதாள். "அது அவர் கையெழுத்து மாமா. கடைசியா அவர் கை எழுதினது" என்றாள்.

நான் பெயருக்கு ஆசைப்பட்டவன் இல்லை. அது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது அவர் கையெழுத்து இல்லையே அம்மா. கை அவருடையது. ரூபகம் என்னுடையது. எந்த இடத்தில் அழுத்தம், எந்த இடத்தில் ஓய்வு என்பதெல்லாம் என் இடது கால் எழுதியது. தாளம் தெரிந்த யாரும் பதிவைப் பார்த்துக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். தவறான தகவலோடு ஒரு காட்சி திறக்கிறதென்றால், ஓர் ஆசிரியன் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. அதனால் தெளிவாக எழுதுகிறேன்: ஸ்ரீசரணைக் கொன்றது நான். அந்தக் கோலம் முழுக்க முழுக்க என் ஆக்கம்.

மஹாலக்ஷ்மிக்கும் நாலு வரியில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். தலைப்பின் கீழ் என் பெயர் வர வேண்டும் என்றும், ஆதாரம் ஆய்வாளர் அம்மாவிடம் எழுத்து மூலம் உண்டு என்றும். எதனால் என்று அதில் எழுதவில்லை. துக்கத்தில் இருக்கிற பெண்.

இரண்டு உறையும் தயார். பசையும் எடுத்து வைத்தாயிற்று. காட்சி வெள்ளிக்கிழமை திறக்கிறது. பெயர்ப்பலகையை அதற்குள் மாற்றியாக வேண்டும் என்பதால் அவளுடையதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உங்களுடையதைச் சாதாரணத் தபாலில், தெருமுனைப் பெட்டியில் போட்டுவிடுகிறேன். பொங்கல் விடுமுறை வருகிறது, பெட்டியைத் திறக்க நாளாகும் என்று தபால்காரர் சொன்னார். பரவாயில்லை. இர்ஷாத் எங்கேயும் போய்விட மாட்டான்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோபாலசுப்பிரமணியன்
(வயோலா)